கார் இல்லாத ஹிடென்சே தீவு: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஜெர்மனியின் வடகிழக்கில், ரூகன் என்னும் பெரிய தீவின் மேற்குக் கரையை ஒட்டி, பால்டிக் கடலில் மெலிந்து நீண்டு கிடக்கிறது ஹிடென்சே. ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவு, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 250 மீட்டர் அகலமே உடையது. மேற்கே திறந்த கடலும் மணற்கரையும், கிழக்கே ரூகனுக்கும் இதற்கும் இடைப்பட்ட ஆழமற்ற காயலும் இருக்கின்றன. நிரந்தரமாக வாழ்வோர் சுமார் ஆயிரம் பேர். தனியார் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இங்கே அனுமதி இல்லை. மருத்துவம், தீயணைப்பு, சரக்கு விநியோகம் ஆகியவற்றுக்கான சில வண்டிகளையும் ஒரு சிறு பேருந்தையும் விட்டால், எல்லோரும் நடக்கிறார்கள், சைக்கிளில் செல்கிறார்கள், அல்லது குதிரை வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள்.

பெரும்பாலானோர் காலைக் கப்பலில் வந்து மாலைக் கப்பலில் திரும்பிவிடுகிறார்கள். அப்படி வருபவர்கள் தீவின் மிக நெரிசலான நேரத்தில் மட்டுமே அங்கே இருக்கிறார்கள். தங்களைப் போன்ற ஒரு நாள் பயணிகளின் வரிசைகளுக்கு நடுவே நடந்து, கடிகாரத்தைப் பார்த்தபடியே திரும்புகிறார்கள். மாலைக் கப்பல்கள் புறப்பட்ட பிறகும், காலையின் முதல் கப்பல் வருவதற்கு முன்பும்தான் இத்தீவின் அமைதியை முழுமையாக உணர முடியும். ஆகவே குறைந்தது இரண்டு இரவுகள் தங்குவதற்கு வழி செய்துகொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. இனி வரும் எல்லாமே அதை எளிதாக்குவதற்கானவை.

எந்த மாதத்தில் செல்வது

ஜூலையும் ஆகஸ்டும் ஜெர்மானியப் பள்ளிகளின் கோடை விடுமுறைக் காலம். அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். விலையும் உச்சத்தில் இருக்கும். கடலில் குளிப்பதுதான் உங்கள் முதன்மையான விருப்பம் என்றால் இம்மாதங்களைத் தவிர்ப்பது கடினம், ஏனெனில் ஆகஸ்டில்கூட நீரின் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜூன் தொடக்கத்திலோ கால் நனைப்பதே துணிச்சலான செயலாகிவிடும். நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் போதும் என்பவர்களுக்கு மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்றையும் நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஜூனில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணிக்கு மேல் ஆகிவிடுவதால், மாலை உணவுக்குப் பிறகும் நீண்ட நடை ஒன்றுக்கு வெளிச்சம் மிஞ்சும். ஆகஸ்டில், ஃபிட்ட, நொயன்டார்ஃப் என்னும் இரு ஊர்களுக்கு இடைப்பட்ட மணல்மேட்டுப் புல்வெளியில் ஹீதர் என்னும் குறுஞ்செடி ஊதா நிறத்தில் பூக்கும். செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து தெற்கே வலசை போகும் பெருங்கொக்குகள் இந்தக் காயலின் ஆழமற்ற நீரில் ஆயிரக்கணக்கில் தங்கி இளைப்பாறும்.

முதல் பயணத்துக்குக் குளிர்காலம் வேண்டாம். கப்பல்கள் குறைவு, பல உணவகங்கள் மூடியிருக்கும். கடுங்குளிர் ஆண்டுகளில் காயலே உறைந்து கப்பல் போக்குவரத்து நின்றுவிடுவதும் உண்டு. 2010-இல் அவ்வாறு தீவு துண்டிக்கப்பட்டபோது ஹெலிகாப்டர் மூலமாகத்தான் பொருட்கள் கொண்டுவரப்பட்டன.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

அறையின் படங்களைப் பார்ப்பதற்கு முன் எந்த ஊரில் தங்குவது என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். கார் இல்லாத இடத்தில் ஐந்து கிலோமீட்டர் என்பது, பெட்டிகளோடும் குழந்தைகளோடும் மழையோடும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய தூரம். தீவில் நான்கு ஊர்கள் உள்ளன. வடக்கே மிகச் சிறிய க்ரீபென், அதையடுத்து க்ளோஸ்டர், நடுவில் ஃபிட்ட, தெற்கே நொயன்டார்ஃப். இவற்றுள் க்ரீபெனைத் தவிர மற்ற மூன்றிலும் கப்பல் நிற்கும்.

ஃபிட்டவே பெரிய ஊர். மளிகைக் கடை, மருத்துவர், தேசியப் பூங்காவின் தகவல் இல்லம் ஆகியவை இங்கே இருக்கின்றன. சிறு குழந்தைகளோடு வருவோருக்கும், உடல்நலக் குறைவு உள்ள பெரியவர்களை அழைத்து வருவோருக்கும் இதுவே பொருத்தமானது. குன்றும் கலங்கரை விளக்கமும் கலைஞர்கள் வாழ்ந்த வீடுகளும் பிடித்தவர்கள் க்ளோஸ்டரில் தங்கலாம். கடைகள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, மீனவர் ஊரில் தங்க வேண்டும், வாசலைத் தாண்டினால் கடல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நொயன்டார்ஃப். என்னைக் கேட்டால், மற்ற ஊர்களைப் பகலில் போய்ப் பார்த்துக்கொண்டு இரவுகளை நொயன்டார்ஃபில் கழிப்பதே சிறந்தது.

தங்குமிடங்களில் பெரும்பாலானவை சமையலறையுடன் கூடிய விடுமுறை வீடுகள். குறைந்தது இத்தனை இரவுகள் என்ற நிபந்தனையைக் கோடையில் பலர் விதிப்பார்கள் என்பதால், இரண்டு இரவுகள் மட்டும் வேண்டுமென்றால் விடுதிகளையும் சேர்த்துத் தேடுங்கள். கூடாரம் அடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். தீவில் அதற்கான இடம் எதுவும் இல்லை, கடற்கரையிலும் அனுமதி இல்லை. முன்பதிவு செய்யும்போதே வீட்டுக்காரரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது: துறையிலிருந்து வீடு எவ்வளவு தூரம், பெட்டிகளுக்குக் கைவண்டி கிடைக்குமா, படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் வாடகையில் அடங்குமா. தங்குவோர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு விருந்தினர் வரியும் செலுத்த வேண்டும். ஒரு நாள் பயணிகளுக்கும் அந்த வரி உண்டு.

தீவை அடைவது

ஆண்டு முழுவதும் கப்பல் புறப்படும் இடம், ரூகன் தீவின் மேற்குக் கரையிலுள்ள ஷாப்ரோட என்னும் சிற்றூர். அங்கிருந்து, நீங்கள் இறங்கும் துறையைப் பொறுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தீவை அடைந்துவிடலாம். வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஷ்ட்ரால்சுண்ட் நகரத் துறையிலிருந்தும் நேரடிக் கப்பல் உண்டு. இதற்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் ஆகும் என்றாலும், ரயிலில் வருவோருக்கு இதுவே மிக வசதியானது, பார்வைக்கும் இனியது.

பெர்லினிலிருந்தோ ஹாம்பர்கிலிருந்தோ ஷ்ட்ரால்சுண்டுக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். ஷ்ட்ரால்சுண்ட் கப்பல் இல்லாத பருவத்தில், அங்கிருந்து ரூகன் தீவிலுள்ள பேர்கன் நிலையத்துக்கு இன்னொரு ரயிலில் சென்று, பிறகு பேருந்தில் ஷாப்ரோடவை அடைய வேண்டும். காரில் வருகிறவர்கள் ஷாப்ரோடவிலுள்ள கட்டண நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டுத்தான் கப்பல் ஏற முடியும். நிறுத்துமிடத்திலிருந்து துறைக்கு நடக்கவும், சீட்டு வாங்கவும், பெட்டிகளை ஏற்றவும் சேர்த்து ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பயணத்திட்டத்தைத் தலைகீழாகப் போடுவது பாதுகாப்பானது. அதாவது, அன்றைய கடைசிக் கப்பல் எத்தனை மணிக்கு என்பதை முதலில் பார்த்து, அதற்கு முந்தைய கப்பலை உங்கள் இலக்காக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் பேருந்தையும் ரயிலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மானிய ரயில்கள் தாமதமாவது இப்போதெல்லாம் அரிதல்ல. கடைசிக் கப்பலையே நம்பி வந்து அதைத் தவறவிட்டால், நீர் டாக்சி எனப்படும் சிறு விரைவுப் படகை வாடகைக்கு அழைக்க வேண்டியிருக்கும். அதன் கட்டணம் வழக்கமான சீட்டைப் போலப் பல மடங்கு. கப்பல் எந்தத் துறையில் நிற்கும் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் எல்லாக் கப்பல்களும் மூன்று ஊர்களுக்கும் செல்வதில்லை.

எதை எடுத்துச் செல்வது

சக்கரப் பெட்டியைவிட முதுகுப்பை மேல். ஊருக்குள் மணல் பாதைகளும் புல் தடங்களும் மிகுதி. காற்றைத் தடுக்கும் மேலாடை கோடையிலும் தேவை. கைவிளக்கு ஒன்று அவசியம், ஏனெனில் ஊர் எல்லையைத் தாண்டினால் தெருவிளக்குகள் இல்லை. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளைத் தங்கும் நாட்களைவிடச் சில நாட்களுக்குக் கூடுதலாகவே கொண்டு செல்லுங்கள். எல்லா இடங்களிலும் அட்டை செல்லும் என்று எண்ணாமல் ரொக்கமாக யூரோவும் வைத்திருங்கள். மளிகை தீவில் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு பொருளும் கப்பலில் வருவதால் விலை சற்று அதிகம், தேர்வு குறைவு. சைவ உணவு உண்போர் தங்களுக்கு வேண்டிய முக்கியப் பொருட்களை ஷ்ட்ரால்சுண்டிலேயே வாங்கிக்கொண்டு, சமையலறை உள்ள வீட்டில் தங்குவது நலம்.

இறங்கியதும்

துறையில் கைவண்டிகள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். அவற்றில் பல, குறிப்பிட்ட வீடுகளுக்கு உரியவை. வீட்டின் பெயரோ எண்ணோ எழுதியிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வண்டியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள், திரும்பும் நாளில் அதே இடத்தில் விட்டுவிடுங்கள். பெட்டிகளை வீடுவரை கொண்டுசேர்க்கும் சேவையும் கட்டணத்துக்குக் கிடைக்கும்.

சைக்கிளைக் கப்பலில் ஏற்றக் கூடுதல் கட்டணம் உண்டு. தீவிலேயே வாடகைக்கு எடுப்பது எளிது என்பதால், ஓரிரு நாட்கள் தங்குவோர் கொண்டுவரத் தேவையில்லை. நொயன்டார்ஃபிலிருந்து ஃபிட்டவுக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர், அங்கிருந்து க்ளோஸ்டருக்கு 2 கிலோமீட்டர். நிலம் சமதளமானது, ஆனால் காற்று எதிரே வீசினால் அந்தத் தூரம் இரட்டிப்பாகத் தோன்றும். ஆகவே காலையில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பார்த்து, உடலில் தெம்பு இருக்கும்போதே எதிர்க்காற்றில் சென்று, களைத்த பிறகு காற்றின் துணையோடு திரும்பும்படி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். குதிரை வண்டிகளுக்கு எப்போதும் வழிவிட வேண்டும். பின்னாலிருந்து திடீரென மணி அடித்தால் குதிரைகள் மிரளும்; தள்ளி நின்று, வண்டியோட்டியின் சைகைக்குப் பிறகு கடந்து செல்லுங்கள்.

நொயன்டார்ஃப் என்னும் மீனவர் ஊர்

இவ்வூரைப் பார்த்த உடனேயே ஒரு வேறுபாடு புலப்படும். தெருக்கள் இல்லை, வேலிகள் இல்லை, முன்தோட்டங்கள் இல்லை. பரந்த புல்வெளி ஒன்றின் மேல் வெள்ளையடித்த தாழ்ந்த வீடுகள் வரிசையாக, தெற்கு நோக்கி நிற்கின்றன. அவற்றை இணைப்பவை காலடிகள் போட்ட ஒற்றையடித் தடங்கள்தான். இந்த அமைப்பு பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னமாகும். புதியவர்கள் பலர் அந்தப் புல்வெளியைப் பூங்கா என்று எண்ணி, சன்னல்களுக்கு அருகே விரிப்பைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அது பூங்கா அல்ல. வேலி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டைச் சுற்றியுள்ள புல்லும் அந்த வீட்டு முற்றம்தான். தடங்களின் வழியாகவே நடங்கள். சைக்கிளை வீட்டுச் சுவரில் சாய்க்காதீர்கள். கொடியில் உலரும் துணிகளையும், காயவைத்த வலைகளையும், வேலையில் இருக்கும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எதிர்ப்படுவோருக்கு ஒரு ‘மோயின்’ சொல்லுங்கள்; வட ஜெர்மனியில் காலை, மாலை எல்லா வேளைக்கும் பொருந்தும் வணக்கம் அது.

வீட்டு வாசல்களில் நேர்கோடுகளால் ஆன சிறு குறிகளைக் கவனித்துப் பாருங்கள். எழுத்தறிவு பரவலாக இல்லாத காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென வைத்திருந்த அடையாளங்கள் அவை. வலையிலும் படகிலும் கருவிகளிலும் அதே குறியைப் பொறித்து, எது யாருடையது என்பதை ஐயமின்றி வைத்துக்கொண்டார்கள். ஊரிலுள்ள சிறிய மீன்பிடி அருங்காட்சியகத்தில், மீனவர்கள் குழுக்களாகச் சேர்ந்து படகையும் வலையையும் பொதுவில் வைத்துத் தொழில் செய்த முறையை விளக்கும் பொருட்கள் உள்ளன. அதைப் பார்த்துவிட்டு ஊரைச் சுற்றினால், அதுவரை கண்ணில் படாத பலவும் பொருள்படத் தொடங்கும். ஆகவே அதை மழை நாளுக்கு என்று ஒத்திவைக்காமல் முதல் நாளே சென்று பாருங்கள்.

இன்று தொழில்முறை மீனவர்கள் வெகு சிலரே எஞ்சியிருக்கிறார்கள். மேற்குப் பால்டிக்கில் ஹெர்ரிங் மீன்வளம் சரிந்ததால், 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அம்மீனைக் குறிவைத்துப் பிடிப்பதைத் தடைசெய்து, சிறு படகுகளில் நிலைவலை போன்றவற்றைக் கொண்டு தொழில் செய்வோருக்கு மட்டும் விலக்கு அளித்தது. காட் மீனுக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு. ஆகையால் தட்டில் வரும் மீன் எல்லாம் எதிரே தெரியும் கடலில் பிடித்தது என்று கருத வேண்டாம். “இன்று இங்கே பிடித்தது என்ன?” என்று உணவகத்தில் கேட்பதில் தவறில்லை, நேர்மையான விடையும் கிடைக்கும், அந்த ஊர்க்காரரின் வருவாய்க்கும் அது உதவும். வசந்தத்தில் ஹெர்ரிங், மே மாதத்தில் பச்சை நிற முள்ளை உடைய முரல் மீன், பிறகு தட்டை மீன், காயலின் நன்னீர் மீன்கள் என்று பருவம் மாறும். முரல் மீனின் பச்சை முள்ளைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை, அது அந்த மீனின் இயல்பான நிறமே.

கடற்கரையில்

க்ளோஸ்டரிலிருந்து நொயன்டார்ஃபுக்கும் அப்பால் வரை, மேற்குக் கரை முழுவதும் மணற்கரைதான். ஃபிட்டவின் கரையில் கூட்டம் மிகுதி. ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் கோடையிலும் தனிமை கிடைக்கும். மணல்மேட்டைக் குறியிட்ட பாதைகளில் மட்டுமே கடக்க வேண்டும். அந்த மேட்டை நிறுத்தி வைத்திருப்பது அதன்மேல் வளரும் புல்லின் வேர்களே; மிதித்துப் புல் அழிந்தால் காற்று மணலை வாரிச் சென்றுவிடும், பிறகு தாழ்வான தெற்குப் பகுதியைப் புயல் வெள்ளத்திலிருந்து காக்க எதுவும் இராது.

பால்டிக்கில் ஏற்றவற்றம் கண்ணுக்குத் தெரியும் அளவில் இல்லை, ஆனால் காற்றும் நீரோட்டமும் உண்டு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் மரத்தூண் வரிசைகளுக்கு அருகே நீந்தாதீர்கள். அவற்றின் ஓரமாக நீரோட்டம் வலுவாக இழுக்கும், தூண்களில் மோதிக் காயமும் படலாம். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடி பறக்கும் இடத்தில் உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கக் கூடாது. கரையின் சில பகுதிகள் ஆடையின்றிக் குளிப்போருக்கு ஒதுக்கப்பட்டவை. இது கிழக்கு ஜெர்மனியில் நீண்ட காலமாக உள்ள இயல்பான வழக்கம். பலகையைப் பார்த்து, உங்களுக்கு உகந்த பகுதியைத் தேர்ந்துகொள்ளுங்கள், எங்கேயும் பிறரைப் படம் எடுக்காதீர்கள்.

புயலுக்குப் பிறகு பலர் கரையில் அம்பர் என்னும், கல்லாய் இறுகிய பழங்கால மரப்பிசினைத் தேடுவார்கள். நீங்களும் தேடலாம், ஆனால் எடுத்த எதையும் சட்டைப் பையிலோ காற்சட்டைப் பையிலோ போடாதீர்கள். போர்க்காலக் குண்டுகளிலிருந்து வந்த வெண்பாஸ்பரஸ் துண்டுகள் பால்டிக் கரையில் அரிதாக ஒதுங்குகின்றன. அவை பார்வைக்கு அம்பரைப் போலவே இருக்கும், உலர்ந்து உடற்சூடு பட்டதும் தீப்பற்றிவிடும். மூடியுள்ள உலோக டப்பா ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வது எளிய பாதுகாப்பு. குழந்தைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வடக்கே ஒரு நாள்

டோர்ன்புஷ் குன்று 72 மீட்டர் உயரமுடையது. தீவின் மற்றப் பகுதிகள் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடப்பதால் அது மலை போலவே தோன்றும். 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட கலங்கரை விளக்கம் அதன்மேல் நிற்கிறது. உச்சிக்குச் செல்ல 102 படிகள். காற்று வலுத்தால் மேடையை மூடிவிடுவார்கள் என்பதால், காற்று தணிந்த காலையில் முதலில் அங்கே செல்லுங்கள். தெளிவான நாளில் டென்மார்க்கின் மோன் தீவைக் காணலாம்.

குன்றின் செங்குத்தான கடல்முகத்தைக் கடல் ஓயாமல் அரித்து, அந்த மணலைத் தெற்கே கெல்லென், கிழக்கே பெஸ்ஸின் என்னும் மணல் முனைகளில் சேர்க்கிறது. வடக்கே இழப்பதைத் தீவு தன் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டே வருகிறது. இதன் நடைமுறைப் பொருள் இரண்டு. மழைக்கும் உறைபனிக்கும் பிறகு அந்தச் செங்குத்துச் சரிவின் அடியில் நடப்பது உயிருக்கு ஆபத்து. மேலே விளிம்புக்கு அருகிலும் நிற்கக் கூடாது. புதிதாக வளர்ந்த மணல் முனைகள், 1990-இல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்காவின் மிகக் கடுமையாகப் பாதுகாக்கப்படும் பகுதிகள். பறவைகள் முட்டையிடும் அந்த இடங்களுக்குள் யாரும் நுழையக் கூடாது. கெல்லெனின் தென்முனையும் புதிய பெஸ்ஸினும் இவ்வாறு மூடப்பட்டவை. பழைய பெஸ்ஸினில் அனுமதிக்கப்பட்ட பாதையில் நடந்து சென்று பறவைகளைக் காணலாம். பூங்காவில் ட்ரோன் பறக்கவிடுவதும் தீ மூட்டுவதும் குற்றம். ஹீதர் வெளியில் விரியன் இனப் பாம்புகள் வாழ்கின்றன. மூடிய காலணி அணிந்து பாதையில் நடந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மாலையில் காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

க்ளோஸ்டரில், 1912-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது. 1946-இல் மறைந்த அவருடைய கல்லறையும் அவ்வூர்த் தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது. உள்ளூர் அருங்காட்சியகத்தில் ஹிடென்சே பொன்னணிகளின் பிரதியைக் காணலாம். 1872 நவம்பரில் வீசிய பெரும்புயல் வெள்ளத்துக்குப் பிறகு நொயன்டார்ஃப் கரையோரத்தில் கிடைத்த, வைக்கிங் காலத்தைச் சேர்ந்த பதினாறு அணிகள் அவை. மூலம் ஷ்ட்ரால்சுண்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

உடல்நலமும் திரும்பும் பயணமும்

அவசர உதவிக்கு எண் 112. தீவில் மருத்துவர் இருக்கிறார், மருத்துவமனை இல்லை. கடுமையான நிலையில் ஹெலிகாப்டர் வரவழைக்கப்படும், அதற்கும் வானிலை ஒத்துழைக்க வேண்டும். எனவே இதய நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் புறப்படுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை.

திரும்பும் நாளுக்கு முந்தைய மாலையே அட்டவணையையும் காற்று முன்னறிவிப்பையும் பாருங்கள். காயல் ஆழமற்றது. பலத்த காற்று நீண்ட நேரம் வீசி நீரை வெளியே தள்ளிவிட்டால், மட்டம் தாழ்ந்து கப்பல்கள் நின்றுவிடக்கூடும். அப்படி ஓர் எச்சரிக்கை தெரிந்தால் கடைசிக் கப்பலுக்குக் காத்திராமல் காலைக் கப்பலிலேயே கிளம்பிவிடுங்கள். நெடுந்தூர ரயிலுக்கு, குறிப்பிட்ட வண்டியில் மட்டும் செல்லுபடியாகும் மலிவான சீட்டைவிட, எந்த வண்டியிலும் ஏறக்கூடிய சீட்டே இந்தப் பயணத்துக்கு ஏற்றது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள், தீவை விட்ட நாளின் இரவை ஷ்ட்ரால்சுண்டிலோ பெர்லினிலோ கழித்துவிட்டு மறுநாள் பறக்கும்படி சீட்டு எடுக்க வேண்டும்.